எண்ணத்தோடு வாதாட வேண்டாம்: ஓ.சி.டி.க்கான உளவியல் சிகிச்சைகள்

விரும்பாத எண்ணங்களும் கட்டாயச் செயல்களும் திரும்பத் திரும்ப வதைக்கும் ஓ.சி.டி. என்ற நோய் உள்ளவர்களுக்கு வீட்டிலும் வெளியிலும் அதிகம் கிடைக்கும் அறிவுரை, "கண்டதையும் நினைக்காதே, மனதை வேறு பக்கம் திருப்பு, நல்லதையே நினை" என்பது. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கேட்பவரோ அதை ஏற்கெனவே ஆயிரம் முறை முயன்று களைத்துப் போயிருப்பார். அந்த அறிவுரை இந்த நோயைக் குறைக்காது, வளர்க்கும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். ஓ.சி.டி.யில் ஒரு கெட்ட எண்ணத்தை விரட்டுவதோ, அதன் இடத்தில் நல்ல எண்ணத்தை உட்கார வைப்பதோ சிகிச்சை ஆகாது. எண்ணம் வந்த அடுத்த நிமிடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதை மாற்றுவதே சிகிச்சை. கடந்த அறுபது ஆண்டுகளில் இந்த நோய்க்கு உண்மையாகப் பலன் தந்த உளவியல் சிகிச்சைகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் இந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. எதிர்மறை எண்ணங்களைக் கேள்வி கேட்டு மாற்றும் முறை ஒன்று இருக்கிறது; அது நல்ல முறையும்கூட. ஆரன் பெக் 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் மனச்சோர்வு நோய்க்காக உருவாக்கிய சிகிச்சை, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று நம்புகிறவரிடம் அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று எடை போட வைக்கிறது. மனச்சோர்வு உள்ளவர் அந்த எண்ணத்தை அப்படியே நம்பிவிடுகிறார். அதைக் கேள்வி கேட்க ஆளில்லை. ஓ.சி.டி.யில் நிலைமை தலைகீழ். கையில் கிருமி ஒட்டியிருக்குமோ, கேஸை மூடினேனா, சாமி கும்பிடும்போது வந்த ஆபாசக் காட்சியால் தெய்வக்குற்றம் ஆகிவிடுமோ என்று தவிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அச்சம் மிகையானது என்று தெரியும். தெரிந்தும், காலையிலிருந்து இரவுவரை அதனோடு வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இன்னும் ஒரு வாதத்தைக் கொடுப்பதால் வழக்கு முடியாது. அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போகும். ஓ.சி.டி.யோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம் என்பதால், ஒரே ஆளிடம் இரண்டு வகை எண்ணங்களும் இருக்கும். "இந்த நோயால் என் வாழ்க்கையே வீணாகிவிட்டது" என்பதற்கு ஆதாரம் தேடிப் பார்ப்பது உதவும். "கதவைப் பூட்டினேனா" என்பதற்கு ஆதாரம் தேடுவதுதான் நோயே.

முதலில் எண்ணத்தைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். இப்படிப்பட்ட எண்ணங்கள் நோயாளிக்கு மட்டுமே வருகின்றன என்று நோயாளியும் நினைக்கிறார், மற்றவர்களும் நினைக்கிறார்கள். 1978இல் ஸ்டான்லி ராக்மன், இலங்கையைச் சேர்ந்த பத்மல் டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் லண்டனில் இதைச் சோதித்தார்கள். எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், விரும்பாத எண்ணங்கள் திடீரென்று மனதில் பாய்வதுண்டா என்று கேட்டபோது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஆம் என்றார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த எண்ணங்களை நோயாளிகளின் எண்ணங்களோடு கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல அனுபவமுள்ள சிகிச்சையாளர்களே சிரமப்பட்டார்கள். 2014இல் 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், முந்தைய மூன்று மாதங்களில் இத்தகைய எண்ணம் ஒன்றாவது வந்ததாகச் சொன்னவர்கள் 94 சதவீதம். மாடி விளிம்பில் நிற்கும்போது குதித்துவிடுவேனோ என்ற திடுக்கிடல், ரயில்வே நடைமேடையில் முன்னால் நிற்பவரைத் தள்ளிவிடுவது போன்ற ஒரு கணக் காட்சி, கோயிலில் வரக்கூடாத வார்த்தை: இவை மனித மனம் இயல்பாக உற்பத்தி செய்யும் குப்பை. நோயாளிக்கு அவை அடிக்கடி வருகின்றன, நீண்ட நேரம் தங்குகின்றன, அதிகம் வதைக்கின்றன. எண்ணத்தின் சரக்கு எல்லோரிடமும் ஒன்றே என்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது?

1985இல் பால் சல்கோவ்ஸ்கிஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தந்த விடை இன்றும் சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது. எண்ணத்துக்கு நாம் கொடுக்கும் பொருளில்தான் வேறுபாடு என்றார் அவர். பச்சைக் குழந்தையோடு இருக்கும் ஒரு தாய் அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் குழந்தை. இந்தக் கத்தி குழந்தைமீது பட்டால், நானே பட வைத்துவிட்டால் என்று ஒரு காட்சி கண்முன் வந்து போகிறது. கனடாவில் முதல் பிரசவம் ஆன பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் (2008) ஏறக்குறையப் பாதிப் பேர், குழந்தையைத் தாங்களே வேண்டுமென்று காயப்படுத்துவதாக ஒரு விரும்பாத எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். அப்படி எண்ணம் வந்த இரு தாய்மாரில் ஒருத்தி "சீ, என்ன நினைப்பு இது" என்று அடுத்த வெங்காயத்தை எடுக்கிறாள். இன்னொருத்தி, "பெற்ற தாய்க்கு இப்படித் தோன்றுமா? தோன்றினால் நான் எப்படிப்பட்டவள்? இனி ஏதாவது நடந்தால் அது என் பொறுப்புதானே?" என்று கேட்கிறாள். அன்றிலிருந்து அவள் அரிவாள்மனையைப் பரணில் வைக்கிறாள், குழந்தையோடு தனியாக இருக்க மறுக்கிறாள், தன் மனதில் கொலைவெறி இருக்கிறதா என்று நாள் முழுக்கத் துழாவிப் பார்க்கிறாள். வந்த எண்ணம் இருவருக்கும் ஒன்று. இரண்டாமவளுக்கு மட்டும் அது நோயாக மாறுகிறது. அதுவும் அவள் குழந்தைமீது வைத்திருக்கும் பாசத்தின் கூர்மையால். ஓ.சி.டி. பெரும்பாலும் ஒருவர் எதை மிகவும் மதிக்கிறாரோ அங்கேயே பற்றிக்கொள்கிறது. பக்தி உள்ளவருக்குத் தெய்வ நிந்தனையும், சாந்தமானவருக்கு வன்முறையும், நேர்மையானவருக்குத் தவறு செய்துவிட்டோமோ என்ற ஐயமும் வருவது அதனால்தான். நினைத்ததே செய்ததற்குச் சமம், நினைத்தால் நடந்துவிடும் என்ற உள்நம்பிக்கை இருப்பவர்களுக்கு இந்தப் பொருள்கொள்ளல் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது.

பொருள் அப்படி அமைந்ததும், அந்தப் பதற்றத்தைத் தணிக்க ஏதாவது செய்தே தீர வேண்டியிருக்கிறது. கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல், மன்னிப்புக் கேட்டல், தவிர்த்தல் போன்ற கட்டாயச் செயல்கள் அங்கே பிறக்கின்றன. இவை கந்துவட்டிக் கடன் போன்றவை: உடனே கைக்கு நிம்மதி வரும், திருப்பிச் செலுத்துவது மட்டும் தீராது. இதற்குக் கேஸ் அடுப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. நெதர்லாந்தின் மார்செல் வான் டென் ஹௌட், மெரெல் கிண்ட் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஓ.சி.டி. இல்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். மற்றொரு குழு இடையில் அடுப்புக்குப் பதில் மின்விளக்குகளைச் சரிபார்த்தது. கடைசியாக ஒரு முறை எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். பல முறை அடுப்பையே பார்த்தவர்களின் நினைவு பெரும்பாலும் சரியாகவே இருந்தது; ஆனால் அந்த நினைவின் தெளிவும், அதன்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கையும் சரிந்துவிட்டன. பின்னர் கனடாவில் உண்மையான சமையலறை அடுப்பை வைத்துச் செய்தபோதும் நம்பிக்கை சரிந்தது. நன்றாகக் கவனியுங்கள், இவர்கள் நோயாளிகள் அல்லர். சந்தேகத்தால்தான் சரிபார்க்கிறோம் என்று நாம் நினைத்திருக்க, சரிபார்ப்பதாலேயே சந்தேகம் உண்டாகிறது. இரவு ரெகுலேட்டரைப் பதினைந்தாவது முறை திருகிப் பார்ப்பவர், நான்காவது முறையைவிட நிச்சயமாகக் குறைவான உறுதியோடுதான் படுக்கைக்குப் போவார்.

கண்ணுக்குத் தெரியாத கட்டாயச் செயல்களே சிகிச்சையில் அதிகம் தவறவிடப்படுபவை. கையில் சோப்பு இல்லை, கதவில் கை இல்லை. ஆனால் உள்ளே ஓயாத வேலை நடக்கிறது. சாலையில் பைக்கை ஓட்டி வந்தவர், யாரையாவது இடித்துவிட்டேனோ என்று வந்த பாதையை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது கட்டாயச் செயல். கெட்ட வார்த்தை வந்தவுடன் அதை ரத்து செய்ய ஒரு நாமத்தைச் சரியாக இத்தனை முறை சொல்வதும், சொல்லும்போது தடங்கினால் முதலிலிருந்து தொடங்குவதும் கட்டாயச் செயல். "எனக்கு அப்படி ஒரு எண்ணம் வந்தது, நான் கெட்டவன் இல்லையே?" என்று மனைவியிடம் தினமும் கேட்பது, கூகுளில் தேடுவது, பழைய கடிதத்தையோ குறுஞ்செய்தியையோ மீண்டும் படித்துத் தவறில்லை என்று உறுதி செய்வது எல்லாம் அதே வகை. நல்லதையே நினை என்ற அறிவுரை இங்கேதான் ஆபத்தாகிறது. கெட்ட எண்ணம் வரும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஈடாக ஒரு நல்ல எண்ணத்தை வைப்பவர், புதிதாக ஒரு கட்டாயச் செயலைப் பழகிக்கொண்டிருக்கிறார்.

எண்ணத்தை அடக்குவதும் இதே கதைதான். 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்க வேண்டாம், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முன்பு அடக்கியவர்களுக்கு அந்த நினைப்பு மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த மீள் எழுச்சி இதே அளவில் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் அடக்குவதால் எண்ணம் நிலையாக ஒழிந்தது என்று காட்டிய ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை. கையில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு, எண்ணம் வந்ததும் சுண்டி, "நிறுத்து" என்று மனதுக்குள் கத்தும் பழைய முறையை இன்றும் சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். ஓ.சி.டி.க்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

அப்படியானால் என்ன செய்வது? விடையின் முதல் வடிவம் 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் கிடைத்தது. அதுவரை ஓ.சி.டி. ஏறக்குறையத் தீராத நோயாகக் கருதப்பட்டது. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இரண்டு நோயாளிகளை மருத்துவமனையில் சேர்த்து, அவர்கள் அஞ்சிய சூழலுக்கு அவர்களை வேண்டுமென்றே கொண்டுபோய், அதன்பின் வழக்கமான கட்டாயச் செயலைச் செய்யவிடாமல் செவிலியர்களைக் கூடவே இருக்க வைத்தார். கழுவும் பழக்கம் இருந்த நோயாளியின் அறையில் குழாய்த் தண்ணீரையே நிறுத்தினார்கள். பேரழிவு எதுவும் நிகழவில்லை. இருவரும் கணிசமாகத் தேறினார்கள். இந்தக் கரு வளர்ந்து, இன்று உலகெங்கும் முதல் வரிசைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படும் ஈ.ஆர்.பி. (எதிர்கொள்ளல், எதிர்வினைத் தடுப்பு) ஆகியிருக்கிறது. அஞ்சுவதை எதிர்கொள்வது ஒரு பாதி; எதிர்கொண்டபின் கட்டாயச் செயலைச் செய்யாமல் இருப்பது மறு பாதி. மேயரின் காலத்தில் இருந்த கடுமை இப்போது இல்லை. யாரும் குழாயை மூடுவதில்லை. எதை, எப்போது, எந்த வரிசையில் என்பதை நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்.

வேலை ஒரு பட்டியலோடு தொடங்குகிறது. அஞ்சும் சூழல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பெண் போடுங்கள். அடுப்பு விஷயத்தில் தவிப்பவருக்கு, வீட்டில் ஆள் இருக்கும்போது ஒரே முறை பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வருவது 30 ஆக இருக்கலாம். எல்லோரும் தூங்கியபின் ஒரே முறை மூடிவிட்டுப் படுப்பது 55. ஒரு நாள் முழுக்க வெளியூர் போவதற்குமுன் திரும்பிப் பார்க்காமல் கதவைப் பூட்டுவது 85. நடுத்தரமான ஒன்றிலிருந்து ஆரம்பித்துத் தினமும் செய்யுங்கள். செய்தபின் வரும் பதற்றத்தைக் குறைக்க எதையும் செய்யாமல் இருப்பதே பயிற்சி. மனதில் காட்சியை ஓட்டிப் பார்ப்பதும் கூடாது, "மூடியிருப்பேன், கண்டிப்பாக மூடியிருப்பேன்" என்று சொல்லிக்கொள்வதும் கூடாது. "மூடியிருக்கலாம், மூடாமலும் இருக்கலாம், இன்று இரவு இந்தச் சந்தேகத்தோடு படுக்கிறேன்" என்பதே சரியான பதில். முழுமையாக நிறுத்த முடியாத நாளில் தள்ளிப்போடுங்கள்: இப்போது இல்லை, அரை மணி கழித்துப் பார்க்கலாம். அரை மணி கழித்து அந்த உந்துதல் வேறு உருவத்தில் இருப்பதைப் பலர் கவனிக்கிறார்கள். எண்ணத்தைத் தவிர எதிர்கொள்ள வேறு பொருள் இல்லாதவர்கள், தாங்கள் அஞ்சும் காட்சியை நிகழ்காலத்தில், ஆறுதல் சொற்கள் ஏதும் கலக்காமல் ஒரு பக்கத்துக்கு எழுதி, தங்கள் குரலிலேயே செல்போனில் பதிவு செய்து தினமும் கேட்கலாம். அந்தத் தாய்க்கான படிக்கட்டில் கடைசிப் படி, குழந்தை பக்கத்தில் இருக்க அரிவாள்மனையில் காய் நறுக்குவது. மற்ற எல்லாத் தாய்மாரும் அன்றாடம் செய்வதும் அதுதான்.

பதற்றம் தானாகத் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். உளவியலாளர் மிஷெல் க்ராஸ்க் முதலியோரின் அண்மைக்கால ஆய்வுகள் இதைச் சற்றே திருத்தியிருக்கின்றன. ஒரு அமர்வுக்குள் பதற்றம் எவ்வளவு குறைந்தது என்பது பலனை அவ்வளவாக முன்னறிவிப்பதில்லை. நான் அஞ்சியது நடக்கவில்லை, அல்லது நான் தாங்கவே மாட்டேன் என்று நினைத்ததைத் தாங்கிவிட்டேன் என்ற புதிய பாடம் மூளையில் பதிவதே முக்கியம். பழைய அச்சம் அழிவதில்லை. புதிய பாடம் அதன்மேல் வலுப்பெறுகிறது. ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள், முடிந்தபின் என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். ஒரே பயிற்சியை வீட்டில் மட்டும் செய்யாமல் அலுவலகத்திலும் உறவினர் வீட்டிலும் செய்யுங்கள். பதற்றம் குறையாமலே ஒரு நாள் முடிந்தால் அது தோல்வி அல்ல.

எண்ணங்களோடு பேசும் சி.பி.டி. (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) முறைகளுக்கு இங்கே இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் பேச்சு வேறொன்றைப் பற்றியது. கதவு பூட்டியிருக்கிறதா, கை சுத்தமா என்று சிகிச்சையாளர் விவாதித்தால் அவரும் நோயின் வேலையாளாகிவிடுவார். எண்ணத்துக்குக் கொடுத்த பொருளைப் பற்றிப் பேசினால் உதவி கிடைக்கும். சல்கோவ்ஸ்கிஸ் முறையில் நோயாளி முன் இரண்டு விளக்கங்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது: நான் ஆபத்தானவன், ஆகவே எப்போதும் காவல் இருக்க வேண்டும். இரண்டாவது: ஆபத்தானவனாக இருந்துவிடுவேனோ என்று அளவுக்கு மீறி அஞ்சுகிறவன் நான், என் பிரச்சினை அந்த அச்சம்தான். எது உண்மை என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகள் முதல் விளக்கத்தின்படி வாழ்ந்து பார்த்தாயிற்று, அதனால் நிம்மதி கூடியதா குறைந்ததா? சில வாரங்கள் இரண்டாம் விளக்கத்தின்படி வாழ்ந்து பார்த்தால் என்ன ஆகும்? அதை வாழ்ந்து பார்ப்பதற்கான வழி மறுபடியும் ஈ.ஆர்.பி.யேதான். பொறுப்பை மிகைப்படுத்துபவருக்கு இன்னொரு பயிற்சி: அஞ்சும் விபத்து நடந்தால் அதற்குக் காரணமாகக்கூடிய எல்லோரையும் எல்லாவற்றையும் முதலில் பட்டியலிட்டுப் பங்கு கொடுத்துவிட்டு, தன் பங்கைக் கடைசியாக ஒதுக்குவது. இதை ஒரு முறை செய்தால் அது பார்வையை விரிக்கிறது. எண்ணம் வரும்போதெல்லாம் செய்தால் அதுவும் கட்டாயச் செயலாகிவிடும். இந்தக் கோட்டை நோயாளி தாண்டும்போது நல்ல சிகிச்சையாளர் உடனே கண்டுபிடிப்பார்.

ஏற்புச் சிகிச்சை என்று சொல்லப்படும் ஏ.சி.டி. இதே திசையில் இன்னொரு பாதை. எண்ணத்தை அதன்போக்கில் விட்டு, தான் மதிக்கும் வாழ்க்கையை நோக்கி நடப்பதை அது கற்பிக்கிறது. 2010இல் 79 பேரிடம் நடந்த சோதனையில் எட்டு அமர்வுகளில் அது தசைத் தளர்வுப் பயிற்சியைவிட நன்றாகப் பலன் தந்தது. தசைத் தளர்வும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் ஓ.சி.டி.க்குப் போதாது என்பதை இதிலிருந்தும் தெரிந்துகொள்ளலாம்.

ஈ.ஆர்.பி.யின் பலனுக்கான சான்று எவ்வளவு உறுதி? எட்னா ஃபோவா தலைமையில் 122 பேரிடம் 12 வாரங்கள் நடந்து 2005இல் வெளியான சோதனையில், ஈ.ஆர்.பி. பெற்றவர்களில் 62 சதவீதமும், க்ளோமிப்ரமின் மாத்திரை பெற்றவர்களில் 42 சதவீதமும், இரண்டையும் பெற்றவர்களில் 70 சதவீதமும் நன்கு முன்னேறினார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 8 சதவீதம் மட்டுமே. பாதியில் விட்டவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. 2013இல் ஹெலன் ப்ளேர் சிம்ப்சன் குழு, மாத்திரை சாப்பிட்டும் முழுப் பலன் கிடைக்காத 100 பேரை எடுத்துக்கொண்டது. எட்டு வாரத்தில் ஈ.ஆர்.பி. சேர்த்தவர்களில் 80 சதவீதத்துக்கும், ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தவர்களில் 23 சதவீதத்துக்கும் நோய் குறைந்தது. 80 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அங்கே "குறைந்தது" என்பதன் பொருள் நோயின் அளவுகோலில் குறைந்தபட்சம் நான்கில் ஒரு பங்கு இறங்கியது என்பது. மிகச் சொற்ப அறிகுறிகளே மிஞ்சும் நிலைக்கு வந்தவர்கள் 43 சதவீதம். மருந்தோடு தேங்கி நின்றவர்களில் பத்துக்கு நான்கு பேர் இரண்டு மாதத்தில் அந்த நிலைக்கு வருவது பெரிய விஷயம். மீதி ஆறு பேருக்கு இன்னும் நீண்ட வேலை இருக்கிறது என்பதும் உண்மை.

இதற்கு எழும் முதல் எதிர்ப்பு, இது கொடுமை அல்லவா என்பது. ஏற்கெனவே துடிப்பவரை இன்னும் துடிக்க வைக்கலாமா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. சிலர் பாதியில் விடுகிறார்கள். ஆனால் மற்ற சிகிச்சைகளை விடுபவர்களைவிட அந்தத் தொகை அதிகமாக இருப்பதில்லை. ஓ.சி.டி. உள்ளவர் எதிர்கொள்ளல் இல்லாமலே நாள்தோறும் மணிக்கணக்கில் துடிக்கிறார் என்பதையும் எடை போட வேண்டும். அந்தத் துடிப்பால் அவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. சிகிச்சையில் வரும் பதற்றம் அளவிடப்பட்டது, அவர் சம்மதித்தது, ஒரு பயனுக்கானது. சம்மதமில்லாமல் உறவினர்கள் ஒரு நாள் திடீரென்று சோப்பைப் பிடுங்குவதும் குளியலறையைப் பூட்டுவதும் சிகிச்சை அல்ல. அது உறவைத்தான் கெடுக்கும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது: அந்த எண்ணம் உண்மையிலேயே ஆபத்தானதாக இருந்தால்? ஓ.சி.டி.யில் வரும் வன்முறை எண்ணம் அவரை அருவருக்க வைக்கிறது, அவர் அதிலிருந்து ஓடுகிறார், அதைச் செய்யாமலிருக்கவே வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறார். ஆனால் வாசகர் தாமே முடிவு செய்யக்கூடாத சூழல்கள் உண்டு. பிரசவமான சில வாரங்களில் தூக்கமே இல்லாமல், குழந்தையிடம் தீய சக்தி இருக்கிறது என்று உறுதியாக நம்புவதோ, குரல்கள் கட்டளையிடுவதாகச் சொல்வதோ ஓ.சி.டி. அல்ல. அது பிரசவத்துக்குப் பிந்தைய உளப்பிறழ்வாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். அதேபோல் செத்துவிடலாம் என்ற எண்ணம் அஞ்சப்படாமல் ஆறுதலாகத் தோன்றினால், திட்டம் உருவானால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே உதவி தேட வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

மூன்றாவது, மதமும் ஆசாரமும். தீட்டு, மடி, ஒளூ, பாவசங்கீர்த்தனம் என்று நம் சமயங்கள் எல்லாவற்றிலும் தூய்மைக்கும் மனச்சுத்திக்கும் முறைகள் உண்டு. சிகிச்சை இவற்றைக் கைவிடச் சொல்கிறது என்ற அச்சத்தில் பலர் வருவதே இல்லை. நல்ல சிகிச்சையாளர் யாரையும் தம் மதத்துக்கு விரோதமாக நடக்கச் சொல்வதில்லை. அதே மதத்தில் ஈடுபாடுள்ள ஒரு சாதாரண பக்தர் எவ்வளவு செய்வாரோ அவ்வளவு செய்வதே இலக்கு. ஊரில் மதிக்கப்படும் குருக்களோ, ஆலிமோ, பங்குத் தந்தையோ மூன்று முறை கழுவினால் போதும் என்றால் நான்காவது முறை நோயினுடையது. அவரிடம் ஒரு முறை கேட்டுத் தெளிவது நல்லது. அதே கேள்வியோடு வாரந்தோறும் போவது கட்டாயச் செயல். மந்திரம் சொல்வதில் தவறு எதுவும் இல்லை. எண்ணத்தை ரத்து செய்வதற்காகச் சொல்லும்போதுதான் அது நோயின் கைக்குப் போகிறது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. செர்ட்ரலின், ஃப்ளுவாக்செட்டின் போன்றவை ஓ.சி.டி.க்குப் பலன் தருபவை. பெரும்பாலும் மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவிலும், எட்டு முதல் பன்னிரண்டு வாரப் பொறுமையோடும். கடுமையான நோய் உள்ளவருக்கு மருந்து பதற்றத்தைச் சற்று இறக்கி ஈ.ஆர்.பி. செய்ய வலுக்கொடுக்கும். உளவியல் சிகிச்சை தொடங்கியதால் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது கூடாது.

குடும்பத்தாரைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் நோயாளி தனியாகக் கட்டாயச் செயல் செய்வதில்லை. வீடே சேர்ந்து செய்கிறது. மகள் தொட்ட பாத்திரத்தை அம்மா தனியாக வைக்கிறார், அப்பா வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார், அண்ணன் இரவில் மூன்று முறை "கதவு பூட்டியாச்சு" என்று குரல் கொடுக்கிறார், மாதத்தில் இரண்டு தண்ணீர் லாரி கூடுதலாக வருகிறது. எல்லாம் பாசத்தால்தான். இந்த ஒத்துழைப்பு அதிகமாக இருக்கும் வீடுகளில் நோயும் கடுமையாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். நோயாளியோடு உட்கார்ந்து, எதை முதலில் குறைப்பது என்று பேசி, அந்த ஒன்றை மட்டும் குறையுங்கள். "நான் கெட்டவளில்லையே அம்மா?" என்று கேட்டால், "இல்லடா கண்ணு" என்று நூற்றியோராவது முறை சொல்வதற்குப் பதில், "இது அந்த நோய் கேட்கிற கேள்விடா. இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்னு நாம பேசி வைச்சிருக்கோம். நீ தவிக்கிறது தெரியுது, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். பதிலை மறுத்து, ஆளை மறுக்காமல் இருப்பது கடினம்தான். முதல் சில நாட்களில் கேள்வி அதிகமாகும், கோபமும் வரும். அதைத் தாண்டியபின்தான் குறையத் தொடங்கும்.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது சில நேரடிக் கேள்விகள் கேளுங்கள். ஓ.சி.டி.க்கு ஈ.ஆர்.பி. செய்வீர்களா? அமர்வுக்குள்ளேயே எதிர்கொள்ளல் பயிற்சி இருக்குமா? வீட்டுப் பயிற்சி தருவீர்களா? மனதுக்குள் நடக்கும் கட்டாயச் செயல்களை எப்படிக் கையாளுவீர்கள்? குழந்தைப்பருவத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவதும், ஒவ்வொரு அமர்விலும் "நீங்கள் நல்லவர்தான், அப்படி ஒன்றும் நடக்காது" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவதும் இந்த நோய்க்குப் போதாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓ.சி.டி.க்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகள், மாவட்ட மனநலத் திட்டம் ஆகியவற்றின் வழியாகவும் மருத்துவரை அணுகலாம். ஈ.ஆர்.பி. தெரிந்த உளவியலாளர்கள் நம்மிடம் குறைவு. பக்கத்தில் ஆள் கிடைக்காதவர்கள் வீடியோ வழி அமர்வுகளைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். எதிர்கொள்ளல் நடக்க வேண்டிய இடம் பெரும்பாலும் வீடுதான் என்பதால் அதில் ஒரு வசதியும் உண்டு.

தேறியபின் எண்ணங்கள் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தேர்வு, திருமணம், பிரசவம், உறக்கமின்மை போன்ற நெருக்கடிகளில் அவை திரும்ப வரும். பல நேரம் வேறு வேடத்தில். அடுப்புச் சந்தேகம் ஓய்ந்தவருக்குத் திடீரென்று தெய்வ நிந்தனை எண்ணம் வந்து, இது நிச்சயம் ஓ.சி.டி. அல்ல, இது உண்மையான பாவம் என்று தோன்றும். பொருள் மாறினாலும் நடைமுறை ஒன்றே: பதற்றத்தோடு வருகிறது, உடனே உறுதி வேண்டும் என்கிறது, எவ்வளவு பதில் சொன்னாலும் போதவில்லை என்கிறது. அந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால், பழைய பட்டியலை எடுத்துப் புதிய பக்கத்தில் மறுபடியும் 0 முதல் 100 வரை எழுதத் தொடங்குங்கள்.